வீடு ஒன்று, பங்கு ஏழு: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு எந்த வரிப் படிவம்?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் வரி தாக்கல் செய்யும் மாதம் வந்தால் ஆடிட்டரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எதிலே எவ்வளவு கழிக்கலாம்?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இந்த வருமானம் யாருடையது, அவர் அந்த ஆண்டு இந்தியாவில் குடியிருப்பவராகக் கணக்கிடப்படுவாரா, வருமானம் எந்த இனம் (சம்பளம், வாடகை, வியாபாரம் போல) என்ற மூன்றும் முடிவானால் படிவம் தானாக அமையும். கழிவுகளும் தள்ளுபடிகளும் அதற்குப் பிறகு.

நகரத்தார் வழக்கத்தில் கோயிலுக்கு வரி கட்டும்போது கணவன் மனைவி சேர்ந்தால் ஒரு புள்ளி. வருமான வரித்துறைக்குப் புள்ளிக் கணக்கு கிடையாது. கணவனுக்கு ஒரு பான், மனைவிக்கு ஒரு பான், கூட்டுக் குடும்பம் என்று தனியாக இருந்தால் அதற்கும் ஒரு பான். இங்கே வரும் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கீழே வரும் எண்கள் 2025-26 நிதியாண்டில் ஈட்டிய வருமானத்துக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனாலும் 2026 மார்ச் 31 வரை ஈட்டிய பணத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

படிவத்தைத் தீர்மானிப்பது தொகை மட்டும் இல்லை

"எனக்குப் பென்ஷனும் வட்டியும்தான், சின்னப் படிவம் போதும்" என்று ஐடிஆர்-1 எடுப்பவர்கள் அதன் நிபந்தனைகளைப் படிப்பதில்லை. மொத்த வருமானம் ரூ.50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எல்லோருக்கும் தெரியும். விவசாய வருமானம் ரூ.5,000-ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 கூடாது. கண்மாய்ப் பாசன வயலைக் குத்தகைக்கு விட்டு ஆண்டுக்கு ரூ.20,000 வாங்கினாலே ஐடிஆர்-2-க்குப் போக வேண்டும். குடும்பக் கம்பெனியில் பெயருக்கு டைரக்டராக இருந்தாலும், பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கு பத்து வைத்திருந்தாலும், சிங்கப்பூரில் பழைய வங்கிக் கணக்கு ஒன்று மூடாமல் கிடந்தாலும் ஐடிஆர்-1 செல்லாது. பங்குச் சந்தையில் நீண்டகால ஆதாயம் ரூ.1.25 லட்சத்துக்குள் என்றால் மட்டும் அதிலேயே காட்டலாம். நிலம், வீடு, நகை விற்ற ஆதாயம் என்றால் ஐடிஆர்-2.

கூட்டு வியாபாரத்தில் பங்குதாரராக இருப்பவருக்கு ஐடிஆர்-3. மற்றபடி சம்பளம் மட்டுமே என்றாலும், அந்த ஆண்டு கடையிலிருந்து ஒரு ரூபாய் வராவிட்டாலும் அதுதான். வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று அனுமானமாகக் காட்டும் சிறு வியாபாரிகளுக்கு ஐடிஆர்-4. கூட்டு நிறுவனத்துக்கு ஐடிஆர்-5, அன்னதான அறக்கட்டளை, நகரத்தார் விடுதி போன்றவற்றுக்கு ஐடிஆர்-7.

தவறான படிவம் போட்டால் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று 139(9) நோட்டீஸ் வரும். திருத்த 15 நாள். அதற்குள் சரிசெய்யாவிட்டால் தாக்கலே செய்யாததற்குச் சமமாகிவிடலாம்.

வளவு வீட்டுக் கணக்கு

ஏழு பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் வீட்டின் வாடகை மூத்தவர் கணக்கில் விழுகிறது. அவர் படிவாசலில் சுண்ணாம்பு பூசுவது முதல் காவல்காரர் சம்பளம் வரை கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பிரித்துத் தருகிறார். ஊர் வழக்கத்தில் இது நியாயமான கணக்கு. வரிச் சட்டத்தின் கணக்கு வேறு மாதிரி.

பங்கு இன்னது என்று திட்டமாகத் தெரிந்தால், பிரிவு 26-இன்படி அவரவர் பங்கு வாடகை அவரவர் வருமானம். வாடகை யார் கணக்கில் விழுந்தது, பட்டா எந்த ஐயா (தாத்தா) பெயரில் நிற்கிறது என்பவை இதை மாற்றாது. மொத்த வாடகையில் உண்மையாகக் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலைக்கழிவு. வரி கணக்கிடும் புதிய முறை (கழிவுகள் குறைவு), பழைய முறை (80சி போன்ற கழிவுகள் உள்ளது) இரண்டிலும் இது உண்டு. அதற்குமேல் பராமரிப்புக்கு ஒரு பைசாவும் கிடையாது. காவல்காரர் சம்பளம், ஓடு மாற்றிய கூலி, கறையான் மருந்து எல்லாம் அந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம். நூறாண்டு வீட்டுக்கும் நேற்றுக் கட்டிய அடுக்ககத்துக்கும் ஒரே 30 சதவீதம் வைத்திருப்பது செட்டிநாட்டுக்குப் பொருந்தாத விதிதான். என்ன செய்ய, சட்டம் அப்படி.

மூத்தவர் பான் எண்ணிலேயே டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால், அவருடைய ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையில் முழு வாடகையும் தெரியும். அவர் தன் பங்கை மட்டும் காட்டினால் கணினி முரண்பாடு என்று கொடி தூக்கும். தப்பிக்க வழி படிவத்திலேயே இருக்கிறது. ஐடிஆர்-2-இல் வீட்டுச் சொத்து அட்டவணையில் இணை உரிமையாளர்களின் பெயர், பான், பங்குச் சதவீதம் நிரப்ப இடம் உண்டு. டிடிஎஸ் அட்டவணையில் மற்றவருக்குச் சேர வேண்டிய தொகையை அவர் பான் எண்ணுக்கு மாற்றிவிடும் கட்டமும் உண்டு. இதைவிட நல்லது, வாடகை ஒப்பந்தத்திலேயே ஏழு பேர் பங்கையும் எழுதி, குடியிருப்பவரை ஏழு கணக்குக்கும் அனுப்பச் சொல்வது.

சென்னையில் ஒரு வீடு, கோவையில் ஒரு அடுக்ககம், ஊர் வீட்டில் ஒரு பங்கு என்று மூன்று இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இரண்டு வீடுகளுக்குத்தான் சொந்தக் குடியிருப்பு என்று பூஜ்ய மதிப்பு. மூன்றாவது பூட்டிக் கிடந்தாலும் வாடகைக்கு விட்டதாகவே கருதி ஒரு தொகை காட்ட வேண்டும். எந்த இரண்டு என்பது உங்கள் விருப்பம். எனவே வாடகை மதிப்பு குறைந்த ஊர்ப் பங்கை மூன்றாவதாக விடுவதே லாபம். பாசத்தில் ஊர் வீட்டைச் சொந்தக் குடியிருப்பு என்று எழுதிவிட்டு, சென்னை வீட்டின் கற்பனை வாடகைக்கு வரி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

படப்பிடிப்புக்கு நாள் வாடகை, சாப்பாட்டோடு தங்கும் விடுதி என்று வீடு ஓடினால் பார்வை மாறுகிறது. வெறும் கட்டடத்தை மாத வாடகைக்கு விடுவது வீட்டுச் சொத்து வருமானம். அறையோடு சமையல், துணி வெளுப்பு, சுற்றிக்காட்ட ஆள் என்று சேவை சேர்ந்தால் வியாபார வருமானம். வரவு ரூ.2 கோடிக்குள் இருக்கும் தனிநபர் 44ஏடி என்ற அனுமான லாபப் பிரிவில் ரொக்க வரவுக்கு 8 சதவீதமும் வங்கி வழி வரவுக்கு 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டி ஐடிஆர்-4 போடலாம். உண்மையான லாபம் அதைவிட அதிகமென்றால் அதிகத்தைத்தான் காட்ட வேண்டும். அண்ணன் தம்பிகள் சேர்ந்து நடத்தினால் அது இனி பங்கு வீடு இல்லை, கூட்டுத் தொழில். அதற்குத் தனிப் பான் வேண்டும். 44ஏடி-யில் நுழைந்துவிட்டு ஐந்து ஆண்டுக்குள் வெளியேறினால் அடுத்த ஐந்து ஆண்டு உள்ளே வர முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கூட்டுக் குடும்பம் என்ற மயக்கம்

எச்யுஎஃப் (இந்துக் கூட்டுக் குடும்பம்) என்று ஒரு பான் எடுத்துவிட்டால் இன்னொரு ரூ.12 லட்சத்துக்கு வரி இல்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. தப்பு. புதிய முறையில் முதல் ரூ.4 லட்சத்துக்கு வரி இல்லை. ரூ.12 லட்சம் வரை வரி பூஜ்யமாவது 87ஏ தள்ளுபடியால். அந்தத் தள்ளுபடி, அதிகபட்சம் ரூ.60,000, இந்தியாவில் குடியிருக்கும் தனிநபருக்கு மட்டும். கூட்டுக் குடும்பத்துக்கும் கிடையாது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் கிடையாது. கூட்டுக் குடும்பத்தின் வருமானம் ரூ.9 லட்சம் என்றால் முதல் ரூ.4 லட்சம் போக ரூ.30,000 வரியும் 4 சதவீத மேல்வரியும் (செஸ்) கட்டியாக வேண்டும்.

அப்பாவிடமிருந்து வந்த எல்லாமே கூட்டுக் குடும்பச் சொத்து என்பதும் சரியில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் அப்பாவின் தனிச்சொத்து மகனுக்கு வந்தால் அது மகனின் தனிச்சொத்து என்று 1986-இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மலேயாவில் அப்பா சம்பாதித்து வாங்கிய இடத்தின் வாடகையை எச்யுஎஃப் கணக்கில் போடுமுன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே கூட்டுக் குடும்பமாக வரி கட்டிவரும் குடும்பம் பாகப்பிரிவினை செய்தால், அதை அதிகாரி பிரிவு 171-இல் பதிவு செய்யும் வரை பழைய கணக்கே தொடரும். வீட்டுக்குள் பேசி முடித்தது மட்டும் போதாது.

விற்கும்போது

ஒரு கணக்கு. நால்வருக்குச் சம பங்குள்ள வீடு 2025 டிசம்பரில் ரூ.60 லட்சத்துக்கு விற்றது. ஐயா காலத்து வீட்டுக்கு அடக்கவிலை யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை அடக்கவிலையாக எடுக்கலாம். ஆனால் அந்தத் தேதியின் வழிகாட்டி மதிப்பை அது தாண்டக்கூடாது. மதிப்பீட்டாளர் ரூ.25 லட்சம் என்று எழுதிக்கொடுத்து, வழிகாட்டி மதிப்பு ரூ.10 லட்சமாக இருந்தால் ரூ.10 லட்சம்தான் செல்லும்.

ஒருவர் பங்கு ரூ.15 லட்சம், அடக்கம் ரூ.2.5 லட்சம். முதல் வழி, பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம். ஆதாயம் ரூ.12.5 லட்சம், வரி ரூ.1,56,250. இரண்டாம் வழி, பணவீக்கக் குறியீட்டு எண் 376-ஐக் (2001-02-க்கு 100) கொண்டு அடக்கத்தை ரூ.9.4 லட்சமாக உயர்த்தி 20 சதவீதம். ஆதாயம் ரூ.5.6 லட்சம், வரி ரூ.1,12,000. குறைந்ததைக் கட்டலாம். 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த நிலம், கட்டடத்துக்கு மட்டும் இந்தச் சலுகை. அதுவும் இந்தியாவில் குடியிருக்கும் தனிநபருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும். நால்வரில் கோலாலம்பூரில் இருக்கும் தம்பிக்கு முதல் வழி ஒன்றே.

இரண்டாம் வழியில் வரி குறைந்தாலும் மொத்த வருமானத்தில் ஏறுவது ரூ.12.5 லட்சம். பென்ஷன், வட்டி எல்லாம் சேர்த்து ரூ.6 லட்சம் உள்ள அண்ணனுக்கு அந்த ஆண்டு மொத்தம் ரூ.18.5 லட்சம் ஆகிவிடும். ரூ.12 லட்ச எல்லை தாண்டியதால் 87ஏ போய், ரூ.6 லட்சத்துக்கும் ரூ.10,000 வரி வந்து நிற்கும். விற்ற வருடத்தில் மட்டும் பென்ஷனுக்கு ஏன் வரி என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

வாங்குபவர் பக்கம் நடக்கும் பிழை இதைவிடப் பெரியது. மொத்த விலை ரூ.50 லட்சத்தைத் தொட்டால், ஒவ்வொருவர் பங்கு ரூ.15 லட்சமே என்றாலும் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். அதை நால்வருக்கும் ஒன்றுபோல 26கியூபி-யில் கட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அந்தப் படிவம் செல்லாது. அவருக்குப் பிரிவு 195. குறைந்த வீதத்தில் பிடிக்கச் சொல்லும் வரித்துறையின் குறைவு உத்தரவு இல்லாவிட்டால் வாங்குபவர் பெரும்பாலும் அவர் பங்கு விலை முழுவதற்கும் மேல்வரியோடு 13 சதவீதம், அதாவது ரூ.1,95,000 பிடிப்பார். மேல்வரி சேர்த்து அவருடைய உண்மையான வரி ரூ.1,62,500. பத்திரப் பதிவுக்கு முன்பே படிவம் 13 போட்டுக் குறைவு உத்தரவு வாங்கிவிட்டால் இந்த இழுபறி இல்லை.

புது வீடு வாங்கிப் பிரிவு 54-இல் ஆதாயத்துக்கு விலக்கு கேட்பவர்கள், ரிட்டர்ன் கெடு தேதிக்குள் செலவழிக்காத பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண எஃப்டியில் போட்டு வைத்துவிட்டு விலக்கு கேட்டால் கிடைக்காது. வீடு வாங்க மனமில்லாதவர் ஆறு மாதத்துக்குள் 54இசி கடன்பத்திரத்தில் ரூ.50 லட்சம் வரை போடலாம். ஐந்து ஆண்டு எடுக்க முடியாது.

நிலத்தில் ஒரு ஊர்க்காரியம். கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்தே இல்லை, விற்றால் வரியும் இல்லை. எது கிராமப்புறம் என்பதை அருகிலுள்ள நகராட்சியின் மக்கள்தொகையும் அதன் எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரமும் தீர்மானிக்கும். பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை உள்ள ஊருக்கு 2 கிலோமீட்டர், ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை 6 கிலோமீட்டர். 2011 கணக்கில் தேவகோட்டை முதல் வகை, காரைக்குடி இரண்டாவது. காரைக்குடி 2024-இல் சுற்றுப் பகுதிகளையும் சேர்த்து மாநகராட்சியானது. எல்லை நகர்ந்தால் அளக்கும் இடமும் நகரும். ஐந்து வருடம் முன்பு வரியில்லாமல் விற்ற பக்கத்து வயலை நம்பி இன்று விலை பேசக்கூடாது.

தட்டுமுட்டும் தங்கமும்

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகும் எனாமல் பாத்திரம், பர்மாத் தேக்குக் கட்டில், பெட்டகம் ஆகியவை சொந்த உபயோகத் தட்டுமுட்டு என்றால் மூலதன ஆதாய வரி இல்லை. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் இந்த விலக்கில் சேராது. அதே கடையில் கட்டிலை விற்றால் வரி இல்லை, சுவரில் மாட்டியிருந்த தஞ்சாவூர்ப் படத்தை விற்றால் உண்டு. நிலைக்கதவையும் தூணையும் பெயர்த்து விற்பது தட்டுமுட்டில் வராது, அவை கட்டடத்தின் உறுப்பு.

கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வரும் பரிசு, யார் தந்தாலும், எவ்வளவானாலும் வரி இல்லை. பெற்றோர் கைக்கு வரும் பணத்துக்கு இந்த விலக்கு இல்லை, கொடுத்தவர் சட்டம் சொல்லும் உறவுக்குள் இருந்தால் ஒழிய. சீர்ச் சிட்டையும் மொய் நோட்டும் அதனால்தான் பத்திரமாக இருக்க வேண்டும். பின்னாளில் நகைக்கு ஆதாரம் கேட்டால் எடுத்துக் காட்ட அதுதான் காகிதம். மணமான பெண்ணுக்கு 500 கிராம் என்று எல்லோரும் சொல்வது 1994-இல் வருமான வரிச் சோதனைகளுக்காக வந்த அறிவுறுத்தல். அந்த அளவு வரை பறிமுதல் செய்யாதே என்று அதிகாரிக்குச் சொன்னது அது. அதற்குமேல் வைக்கக்கூடாது என்று எங்கும் இல்லை.

கணவன் மனைவிக்குத் தந்த பணத்தின் எஃப்டி வட்டி கணவன் கணக்கில்தான் சேரும். பெண்ணுக்கு அப்பா தந்த சீர்ப்பணத்தின் வட்டி, பெண் மேஜர் என்றால், பெண்ணின் வருமானம்.

அக்கரையிலிருந்து திரும்பியவர்கள்

சிங்கப்பூரிலிருந்து ஊரோடு வந்துவிட்டவர் முதல் சில ஆண்டுகள் குடியிருப்பவராக இருந்தும் சாதாரணக் குடியிருப்பாளர் ஆகாத நிலையில் இருப்பார். முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளியே இருந்திருக்க வேண்டும், அல்லது முந்தைய ஏழு ஆண்டில் 729 நாளுக்கு மேல் இங்கே இருந்திருக்கக்கூடாது. அப்போது வெளிநாட்டு வட்டிக்கு இங்கே வரி இல்லை. ஆனால் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 இரண்டும் கூடாது. அந்தக் காலம் முடிந்ததும் அங்குள்ள வங்கிக் கணக்கு, சிங்கப்பூர் சிபிஎஃப், மலேசிய இபிஎஃப் சேமநிதி எல்லாம் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஏற வேண்டும். அது ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்கு. மார்ச் 31 இருப்பை எழுதுவது அடிக்கடி வரும் பிழை. மறைத்தால் கருப்புப் பணச் சட்டத்தில் அபராதம் ரூ.10 லட்சம். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து தவிர்த்த மொத்த மதிப்பு ரூ.20 லட்சத்துக்குள் என்றால் அந்த அபராதம் இல்லை. அதற்காக அட்டவணையை விட்டுவிடலாம் என்று பொருள் இல்லை. அங்கே கட்டிய வரிக்கு இங்கே வரவு கேட்கப் படிவம் 67 வேண்டும்.

கடைசியில் கழிவுகள்

பென்ஷன் ரூ.9 லட்சமும் வட்டி ரூ.2 லட்சமும் உள்ள 65 வயதுக்காரர் புதிய முறையில் ரூ.75,000 நிலைக்கழிவு போக ரூ.10.25 லட்சத்தில் நின்று வரி கட்டாமல் முடிப்பார். அவரே பழைய முறையில் 80சி ரூ.1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு ரூ.50,000, வட்டிக்கு 80டிடிபி (80TTB) ரூ.50,000, நிலைக்கழிவு ரூ.50,000 எல்லாம் கழித்தும் ரூ.70,000 வரி கட்டுவார். ரூ.24 லட்சத்துக்கு மேல் வருமானமுள்ள 60 வயதுக்குட்பட்டவருக்குப் பழைய முறை லாபமாக வேண்டுமானால் நிலைக்கழிவு வித்தியாசம் நீங்கலாக ரூ.7.75 லட்சம் கழிவு தேற வேண்டும். கும்பாபிஷேக நன்கொடை ரசீதைக் காட்டி அந்த எல்லையை எட்டவும் முடியாது. கோயிலுக்கு 80ஜி அங்கீகாரம், அது தரும் 10பிஇ நன்கொடைச் சான்று இரண்டும் வேண்டும், ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தந்தது செல்லாது.

பழைய முறை இன்னும் உதவும் ஓர் இடம், வீடு விற்ற 80 வயது ஆச்சி. வட்டி வருமானம் ரூ.3 லட்சம் என்று வைப்போம். பழைய முறையில் 80டிடிபி போக ரூ.2.5 லட்சம். அவர் வயதுக்கு வரியில்லா எல்லை ரூ.5 லட்சம், மிச்சமுள்ள ரூ.2.5 லட்சத்தை வீட்டு ஆதாயத்தில் கழிக்கலாம். புதிய முறையில் மிச்சம் ரூ.1 லட்சம்தான். 12.5 சதவீத வழியில் வித்தியாசம் ரூ.18,750. குடும்பப் பென்ஷன் வாங்கும் ஆச்சிமார்களுக்கு இன்னொன்று: அது சம்பளத்தில் சேராது, ஆகவே ரூ.75,000 கிடையாது. மூன்றில் ஒரு பங்கு அல்லது ரூ.25,000, எது குறைவோ அது. பழைய முறையில் அந்த உச்சவரம்பு ரூ.15,000.

பெயர் பொருந்தாமல் பணம் நிற்பது இந்த வட்டாரத்தின் தனி நோய். பத்திரத்தில் மூன்று இனிஷியல், பாஸ்புக்கில் இரண்டு, ஆதாரில் ஒன்று, பான் கார்டில் அவை விரிந்து அப்பா பெயரும் ஐயா பெயருமாக. தளத்தில் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு இதனால் தோற்றால் ரீஃபண்ட் வராது. முதலில் ஆதாரைத் திருத்தி, அதைக் காட்டிப் பான், பிறகு வங்கி என்ற வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

தாக்கல் செய்த 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பு. ஊரில் இருக்கும் பெரியவரின் ஆதாரில் பதிந்த கைபேசி எண் பல வீடுகளில் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையது. ஓடிபி அங்கே போகும், அவர் பார்ப்பதற்குள் காலாவதியாகும். 30 நாள் தாண்டினால் சரிபார்த்த நாளே தாக்கல் நாள், ஜூலை 31-க்குள் போட்ட ரிட்டர்னும் தாமதக் கணக்கில் விழும். இணைய வங்கி வழியே சரிபார்க்கலாம். அதுவும் இல்லாவிட்டால் ஐடிஆர்-வி தாளில் கையெழுத்திட்டு பெங்களூரு மையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம், அந்த 30 நாளுக்குள்.